மீன் இல்லாத தொட்டி

படப்பையில் நண்பர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. உப்பு ஜலம் இருக்கிறது. மணலும் கல்லும் இருக்கின்றன. மீன் மட்டும் இல்லை! வருகிறவர்கள் எல்லாரும் காரணம் கேட்கிறார்கள். "ஐந்து வாரந்தானே ஆகிறது?" என்கிறார் நண்பர்.

போன வருஷம் அவருக்கு இந்தப் பொறுமை இல்லை. தொட்டி வாங்கிய மூன்றாம் நாளே இரண்டு மீன்களை விட்டார். வாரம் முடிவதற்குள் இரண்டும் மிதந்தன. ஜலமோ பளிங்கு போல் இருந்தது. "தெளிந்த தண்ணீர் எப்படியப்பா கொல்லும்?" என்று அவருடைய சிறு பெண் தேம்பினாள்.

நியாயமான கேள்விதான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா என்னும் விஷம் உண்டாகிறது, கண்ணுக்குத் தெரியாது. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் விஷமே. வேறொரு வகை அதை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக்குகிறது. இவ்விரண்டும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பாலுக்கு உறை குத்திய கையோடு மத்தை எடுக்கலாமா?

1909-ல் சென்னைக் கடற்கரையில் மீன் காட்சிசாலை திறந்தவர்களுக்குக் கடல் வாசலிலேயே இருந்தது. உள்நாட்டில் இருக்கும் படப்பையிலோ கடலை வீட்டிலேயே உண்டாக்கவேண்டும். சமையல் உப்பு உதவாது. மக்னீஸியம், கால்ஸியம் முதலியன சேர்ந்த கடலுப்புக் கலவையை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கரைத்தார் நண்பர். உயிர்ப் பவளத்தைத் தேடவில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பவளங்களுக்கு 2001 முதல் காவல் உண்டு. ஆகவே வெறும் சுண்ணாம்புக்கல்லை அடுக்கினார். நுண்ணுயிர்களுக்காகத் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வருகிறார்.

முதலில் வரப்போவது கோமாளி மீன் ஜோடி ஒன்று. அதற்காகக் கடலைக் கொள்ளையடிக்க வேண்டியதில்லை. மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் நம் விஞ்ஞானிகளே அதைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்திருக்கிறார்கள். நம் நாட்டிலேயே பொரித்த குஞ்சு இருக்க, பவளப்பாறையிலிருந்து பிடித்து வந்தது நமக்கு எதற்கு?

சென்ற ஞாயிறன்று போயிருந்தேன். சோதனைக் குழாயைப் பார்த்து அந்தப் பெண் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். "அப்படியானால் நாளைக்கே மீன் வாங்கலாமே!" என்றேன்.

குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னும் ஒரு வாரம் இப்படியே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், மாமா" என்றாள்.