கொம்பை முதலில் தட்டியவர்கள்

தமிழ்க் கணினியின் வரலாறு என்று எதைப் புரட்டினாலும் அது தந்தையர் பட்டியலாகவே இருக்கிறது. முரசு அஞ்சல் தந்த முத்து நெடுமாறன், மயிலை எழுத்துரு தந்த கல்யாணசுந்தரம், 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு, அதையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை. இதில் எங்கள் ஊருக்கு என்ன பங்கு என்று கேட்டால் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவைச் சொல்வார்கள். எனக்கும் அவர் எழுத்து பிடிக்கும். ஆனால் பட்டியலில் காதில் விழும் ஒரே பெண்பெயரும் ரங்கராஜன் தன் மனைவியிடமிருந்து எடுத்துக்கொண்டது என்று நினைக்கும்போது சிரிப்பு வந்துவிடுகிறது.

இவர்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. எழுதியவரோடு ஒரு மென்பொருளின் வரலாறு முடிந்துவிடுமா என்றுதான் கேட்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியிருந்த டி.டி.பி. கடைகளில் வேலை பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்துவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கிய பெண்கள் நாங்கள். பேஜ்மேக்கருக்குத் தமிழ் தெரியாது. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்பது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மேலே போர்த்தியதுதான் தமிழ். 'கெ' வேண்டுமென்றால் கொம்பை முதலில் தட்டிவிட்டுப் பிறகு ககரம். ஆங்கிலச் சொல் என்று நினைத்துக்கொண்டு மென்பொருள் வரிக்கடைசியில் கண்ட இடத்தில் வெட்டும். துணைக்கால் மட்டும் அநாதையாக அடுத்த வரிக்குப் போய்விடும். அதை வரிவரியாகப் பார்த்து ஒட்டவைத்தது யார்? விசைப்பலகையில் இடமில்லாத எழுத்துக்கு ஆல்ட் விசையோடு என்ன எண் என்று நோட்டுப் பின்னட்டையில் குறித்துவைத்தது யார்? தமிழில் அந்த மென்பொருள் செய்ததாகச் சொல்லப்படும் வேலையில் பாதியை எங்கள் விரல்கள் செய்தன.

கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், முனைவர் பட்ட ஆய்வேடு எல்லாம் அடித்தோம். ஆய்வேட்டின் சந்திப்பிழைகளைச் சத்தமில்லாமல் திருத்தியவளுக்கு நன்றியுரையில் இடமில்லை. புத்தகத்தில் 'ஒளியச்சு' என்ற இடத்தில் கடைப் பெயர் இருக்கும்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் 1946இல் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். எண்பதுகளில் கேத்தி கிளைமன் என்ற மாணவி, பழைய படங்களில் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் பெண்கள் யார் என்று விசாரித்தபோது, அழகுக்கு நிறுத்திய மாடல்கள் என்று பதில் வந்தது. அவர் விடாமல் தேடியதால்தான் ஜீன் பார்ட்டிக், பெட்டி ஹோல்பர்ட்டன் போன்ற பெயர்கள் வெளியே வந்தன.

பிரான்சில் 2016 முதல் சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ் என்ற அமைப்பு உலகத்து மூல நிரல்களைச் சேர்த்துவைக்கிறது. நல்ல காரியம். ஆனால் பேஜ்மேக்கரின் நிரல் முழுவதும் கைக்கு வந்தாலும், அதில் தமிழை எப்படி ஓட்டினோம் என்பது அதற்குள் இருக்காது. அது எங்கள் நோட்டில் இருக்கிறது. நோட்டு பரணில் இருக்கிறது, அல்லது பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. பிளாப்பிகள் பூசணம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சோனி அவற்றை விற்பதை 2011இலேயே நிறுத்திவிட்டது.

ஹோலி கிராஸிலும் சீதாலட்சுமி ராமசுவாமியிலும் இந்திரா காந்தியிலும் ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவிகள் இதை எடுத்துக்கொள்ளலாம். கணினித் துறை, தமிழ்த் துறை, வரலாற்றுத் துறை மூன்றும் சேர்ந்தே செய்ய வேண்டிய வேலை இது. உங்கள் தெருவிலேயே ஒரு அக்கா இருப்பார். பக்கத்துக்கு என்ன கூலி, எந்த எழுத்துரு, கண்ணும் முதுகும் என்ன ஆயின என்று கேளுங்கள். நோட்டை வாங்கிப் படமெடுங்கள். அவர் சம்மதித்தால் பெயரை இனிஷியலோடு எழுதுங்கள். கடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் நாங்கள் 'டைப் அடிக்கிற பொண்ணு'தான்.