கனடாவின் இரண்டு வாசல்கள்

வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறும் ஆசை இன்று பணக்கார வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிடவில்லை. மில் தொழிலாளியின் மகன் இன்ஜினீயரிங் படித்திருக்கிறான். விவசாயத் தொழிலாளியின் மகள் நர்ஸ் படிப்பை முடித்திருக்கிறாள். "கனடாவுக்கு மார்க் வருமா?" என்று அவர்களும் கணக்குப் போடுகிறார்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. இது என்ன மார்க்? யார் போடுகிறார்கள்? எதற்குப் போடுகிறார்கள்? கேட்க வேண்டிய கேள்விகள்தான். நாம் பதில் சொல்ல முயல்வோம்.

நிறம் போய் மார்க் வந்த கதை

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். மார்க் முறை வருவதற்கு முன் இருந்தது இதைவிடக் கொடியது.

1908-இல் கனடா சர்க்கார் ஒரு விதி செய்தது. பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் நிற்காமல் ஒரே பிரயாணமாக வருகிறவனுக்குத்தான் கனடாவில் இடம் என்றது அந்த விதி. இந்தியாவிலிருந்து அப்படி வர வழியே இல்லாதபடி பார்த்துக் கொண்டார்கள். "இந்தியன் வராதே" என்று எழுதாமலே இந்தியனைத் தடுத்த சட்டம் அது! 1914 மே மாதத்தில் 376 பிரயாணிகளோடு கோமகட்டா மாரு என்ற கப்பல் வான்கூவர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. பெரும்பாலோர் பஞ்சாபிகள். இரண்டு மாதம் கப்பலிலேயே அடைத்து வைத்து, வெகு சிலரை மட்டும் இறங்கவிட்டு, மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கப்பல் கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜில் வந்து நின்றபோது பிரிட்டிஷ் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சுமார் 20 பேர் மாண்டனர். 102 ஆண்டுகள் கழித்து, 2016-இல்தான் கனடாப் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இந்தியா சுதந்திரம் பெற்ற பிறகும் வாசல் எவ்வளவு திறந்தது? 1951-இல் செய்த ஏற்பாட்டின்படி ஆண்டுக்கு இந்தியாவிலிருந்து 150 பேர், பாகிஸ்தானிலிருந்து 100 பேர், இலங்கையிலிருந்து 50 பேர். அவ்வளவே! ஐரோப்பாவிலிருந்து லட்சக்கணக்கில் ஆட்களை வரவேற்ற நாடு, கோடிக்கணக்கான மக்கள் வாழும் இந்தியாவுக்கு ஒதுக்கிய பங்கு அது.

1967 அக்டோபரில் மார்க் முறை வந்தது. நூற்றுக்கு 50 எடுத்தால் இடம். எந்த நாட்டில் பிறந்தான், என்ன நிறம் என்று கேட்கக் கூடாது. படிப்பு, தொழில், வயது, மொழி இவற்றைத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். இது முன்னேற்றம்தான். இதை யாரும் மறுக்க முடியாது. இன்று கனடாவில் லட்சக்கணக்கான இந்தியர்கள் தலைநிமிர்ந்து வாழ்கிறார்கள் என்றால் இந்த மாறுதலுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

ஆனால் நிறத்தைப் பார்க்காத தராசு வர்க்கத்தையும் பார்க்காதா? அதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

எதற்கு எத்தனை மார்க்?

2015 ஜனவரி முதல் நடப்பது "எக்ஸ்பிரஸ் என்ட்ரி" என்னும் ஏற்பாடு. அதில் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் தேர்ச்சி பெற்ற தொழிலாளி இரண்டு பரீட்சைகளைத் தாண்ட வேண்டும். முதலாவதில் நூற்றுக்கு 67 எடுக்க வேண்டும். மொழிக்கு 28, படிப்புக்கு 25, அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, அங்கே வேலை உறுதியாகி இருந்தால் 10, அந்த நாட்டோடு உள்ள தொடர்புகளுக்கு 10. மொழி என்றால் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். தமிழில் எவ்வளவு வல்லவராக இருந்தாலும் பூஜ்யம்.

இதில் தேறியவன் வரிசையில் போய் நிற்கிறான். அந்த வரிசையில் மறுபடியும் மார்க்; மொத்தம் 1,200. மேலே இருப்பவர்களை அவ்வப்போது கூப்பிடுவார்கள். தனி ஆளாக விண்ணப்பிக்கும் ஒருவனுக்கு 29 வயது வரை வயதுக்காக 110 மார்க். 30-இல் 105. 35-இல் 77. 40-இல் 50. 45 ஆனால் ஒன்றுமில்லை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்களே, அதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன? இன்னும் எத்தனை வருஷம் உழைப்பான் என்பதுதான் இரண்டு இடத்திலும் கேள்வி.

சரி, தொழிலுக்கு வருவோம். கனடா சர்க்கார் எல்லாத் தொழில்களையும் 0 முதல் 5 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறது. 0 முதல் 3 வரை உள்ள படிகளில் வேலை செய்தவனுக்கே இந்த வரிசையில் இடம். நூற்பு இயந்திரத்தின் முன் நிற்பவரும் தறி ஓட்டுபவரும் நாலாவது படியில் இருக்கிறார்கள். வயலில் அறுவடை செய்பவர் ஐந்தாவது படியில் இருக்கிறார். ஆகவே முப்பது வருஷம் நூல் நூற்ற அனுபவம் இருந்தாலும், நாற்பது வருஷம் கதிர் அறுத்த அனுபவம் இருந்தாலும் அங்கே அது அனுபவமாகாது. நமது உழைப்புக்கு அந்தத் தராசில் எடையே கிடையாது!

தராசு யார் கையில்?

"தகுதிக்குத்தானே மார்க் போடுகிறார்கள்? அதில் என்ன தவறு?" என்று சிலர் கேட்கலாம். தகுதியைத்தான் அளக்கிறார்களா? பார்ப்போம்.

2021 பிப்ரவரி 13-ஆம் தேதி 27,332 பேரைக் கூப்பிட்டார்கள். 75 மார்க் வாங்கியவனுக்கும் அன்று அழைப்பு வந்தது. 2024-இல் அதே பிப்ரவரி 13-ஆம் தேதி 1,490 பேரைக் கூப்பிட்டார்கள். அன்று 535 மார்க் தேவைப்பட்டது. முதலாவது, கனடாவில் ஏற்கெனவே வேலை செய்தவர்களுக்கு மட்டும் நடந்த தேர்வு; இரண்டாவது எல்லோருக்கும் பொதுவானது. அந்த வேற்றுமையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 75-க்கு இறங்கியது ஏன்? கொரோனாவால் எல்லைகள் மூடியிருந்தன. வெளியிலிருந்து ஆள் வர வழியில்லை. அந்த ஆண்டுக்கு வைத்த இலக்கு நிறைய வேண்டும். உள்ளே இருப்பவர்களை வாரி எடுத்தார்கள். பிறகு நிலைமை மாறியது. வீட்டு வாடகை ஏறிற்று, ஜனங்கள் முணுமுணுத்தார்கள். 2025-க்கு 5 லட்சம் பேர் என்றிருந்த இலக்கை 2024 அக்டோபரில் 3 லட்சத்து 95 ஆயிரமாகக் குறைத்தார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? மார்க் என்பது மனிதனின் தகுதியல்ல. ஆள் தேவையின் அளவு. மில்லில் ஆர்டர் வந்தால் பதிலித் தொழிலாளியை வீடு தேடி வந்து கூப்பிடுவார்கள். ஆர்டர் நின்றால் அதே தொழிலாளி கேட்டுக்கு வெளியே நிற்பான். அவன் கைத்திறன் ஒரே நாளில் கூடிக் குறைந்ததா? இல்லை. இது உலக அளவில் நடக்கும் பதிலிக் கணக்கு.

பின்வாசல்

அப்படியானால் கனடாவின் வயலில் கதிர் அறுப்பது யார்? தக்காளி பறிப்பது யார்? அங்கேதான் இரண்டாவது வாசல் இருக்கிறது.

மார்க் முறை வருவதற்கு ஓராண்டு முன்பே, 1966-இல், ஜமைக்காவிலிருந்து 264 தொழிலாளிகளை ஒன்டாரியோ மாகாணத்துப் பண்ணைகளுக்குக் கொண்டுபோனார்கள். 1974-இல் மெக்ஸிகோவும் சேர்ந்தது. பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் என்று இதற்குப் பெயர். இன்று மெக்ஸிகோவிலிருந்தும் கரீபியன் நாடுகளிலிருந்தும் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். ஆண்டுக்கு அதிகபட்சம் எட்டு மாதம் வேலை. டிசம்பர் 15-க்குள் நாடு திரும்பியாக வேண்டும். மனைவி மக்களை அழைத்து வர முடியாது. மறு வருஷம் மறுபடி வர வேண்டும். இப்படி இருபது, முப்பது வருஷம் வந்து போனவர்கள் உண்டு. வாழ்க்கையில் பாதியை அந்த மண்ணில் கழித்தவருக்கு அந்த மண்ணில் குடியிருக்க உரிமையில்லை.

அவர்களுடைய வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. அவர் கொடுமை செய்தாலும் இஷ்டப்படி வேறு பண்ணைக்குப் போய்விட முடியாது. எதிர்த்துப் பேசினால் அடுத்த வருஷம் கூப்பிடமாட்டார்கள். வேலையில்லாக் கால இன்ஷூரன்ஸுக்குச் சம்பளத்தில் பிடித்துக் கொள்வார்கள். வேலையில்லாத மாதங்களில் அந்த நாட்டிலேயே இருக்கவிடாததால் அந்த உதவி பெரும்பாலும் அவர்கள் கைக்கு வராது. 2023-இல் கனடாவுக்குப் போய்ப் பார்த்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் தொமோயா ஒபோகாதா, இப்படிப்பட்ட தற்காலிகத் தொழிலாளர் திட்டங்கள் நவீன அடிமைத்தனம் விளையும் நிலமாக இருக்கின்றன என்று பகிரங்கமாகக் கூறினார்.

சங்கம் வைக்கலாமே என்பீர்கள். ஒன்டாரியோவில் விவசாயத் தொழிலாளிகளைப் பொதுவான தொழிலாளர் உறவுச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். சங்கம் சேரும் சுதந்திரத்தை அவர்களுக்கு மறுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2001-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதற்குப் பின் 2002-இல் வந்த தனிச் சட்டம் ஒன்றுகூடவும் மனுக் கொடுக்கவும் இடம் தந்தது. முதலாளியைக் கூட்டுப் பேரத்துக்கு உட்கார வைக்கும் பலத்தைத் தரவில்லை. 2011-இல் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

ஒரே ஒரு முறை உண்மை வெளியே வந்தது. கொரோனாக் காலத்தில் உணவு வேண்டுமே! 2021 மே மாதம், நாட்டில் ஏற்கெனவே இருந்த 90,000 பேருக்கு நிரந்தரக் குடியுரிமைக்கு ஒரு தனி வழி திறந்தார்கள். அத்தியாவசியத் தொழில்களுக்கு அதில் 30,000 இடம். அந்தப் பட்டியலில் அறுவடைத் தொழிலாளியும் இருந்தான்! ஐந்தாம் படியில் தள்ளப்பட்டவன் அன்று அத்தியாவசியமானவன் ஆனான். அவ்வாண்டு நவம்பரிலேயே அந்த வழி அடைபட்டது. பிறகும் ஒரு சோதனைத் திட்டம் 2025 வரை நடந்தது. அதுவும் வருஷம் முழுதும் வேலையுள்ள சில தொழில்களுக்கே. பருவத்துக்கு வந்து போகிறவனுக்கு இல்லை.

இதுதான் இரண்டு வாசல்களின் கதை. முன்வாசலில் மார்க் போட்டுப் படித்தவனை வரவேற்கிறார்கள். பின்வாசலில் உழைப்பை மட்டும் உள்ளே விட்டு உழைப்பவனை வெளியே அனுப்புகிறார்கள்.

வளர்த்தது யார்?

முன்வாசலில் போகிறவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 29 வயதில் 110 மார்க் வாங்குகிற அந்த இளைஞனுக்குப் பால் கொடுத்தது யார்? பள்ளிக்கூடம் கட்டியது யார்? அம்மாவின் தாலிச் செயின் அடகுக் கடையில் கிடக்கிறது. அப்பாவின் ஓவர்டைம் கூலி காலேஜ் பீஸாகப் போயிற்று. அரசுக் கல்லூரியில் படித்தவன் என்றால் சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிற ஏழை ஜனங்களின் பணமும் அவன் படிப்பில் இருக்கிறது. இருபத்தைந்து வருஷச் செலவு முழுவதும் இங்கே. விளைச்சல் முழுவதும் அங்கே. கனடா அதற்கு ஒரு காசு தருவதில்லை. மாறாக, போகிறவனிடமே வாங்குகிறது. 2024 ஏப்ரல் 30-இல் ஒரு பெரியவருக்கு விண்ணப்பக் கட்டணமும் குடியிருப்புக் கட்டணமும் சேர்ந்து 1,525 கனடா டாலர் ஆயிற்று. அதற்கு மேல், அங்கே வேலை உறுதியாகாதவர் கைப்பணமாக அந்த ஆண்டில் 14,690 டாலர் காட்ட வேண்டியிருந்தது. ஒரு விவசாயத் தொழிலாளி ஆயுள் முழுதும் சேர்த்தாலும் சேருமா?

தரகர்களிடம் ஜாக்கிரதை

இந்த ஆசையில் பிழைக்கும் கூட்டம் ஒன்று உண்டு. "மார்க் கூட்டித் தருகிறோம், வேலை உத்தரவு வாங்கித் தருகிறோம்" என்று பணம் கறப்பார்கள். சில உண்மைகளை நம் வீடுகளில் எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டும்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி வரிசையில் பெயரைப் பதிவு செய்யக் கட்டணமே இல்லை. பணம் வாங்கிக் கொண்டு ஒருவருக்காக விண்ணப்பத்தைக் கவனிக்கக் கனடாவில் பதிவு பெற்ற வக்கீல், அல்லது அந்நாட்டு ஆலோசகர் கழகத்தில் லைசென்ஸ் பெற்றவர் போன்றவருக்கே உரிமை. வேலை உத்தரவுக்கு முன்பு வரிசையில் 50 அல்லது 200 மார்க் கொடுத்து வந்தார்கள். அந்த உத்தரவுகளே காசுக்கு விலைபோனதால் 2025 மார்ச் 25 முதல் அந்த மார்க்கை எடுத்துவிட்டார்கள். இன்றும் அதைக் காட்டிக் காசு கேட்பவன் மோசக்காரன். பொய்ச் சர்ட்டிபிகேட் கொடுத்துப் பிடிபட்டால் ஐந்து வருஷம் தடை. தடை விழுவது விண்ணப்பித்தவன் மேல். தரகனோ அடுத்த ஊரில் போர்டு மாட்டுவான்.

நாம் சொல்வது

போகிறவர்களை நாம் குறை சொல்லவில்லை. பிழைப்புத் தேடிக் கடல் கடந்தது தமிழ் உழைப்பாளிக்குப் புதிதல்ல. படித்த பிள்ளைக்கு இங்கே தக்க வேலையும் தக்க சம்பளமும் இல்லாதபோது அவன் மேல் பழி போடுவது அநியாயம். பழி வேலை கொடுக்காதவர்கள் மேல்தான் விழ வேண்டும். போகிறவன் போகட்டும். கணக்குத் தெரிந்து போகட்டும். போன இடத்தில் தொழிற்சங்கத்தில் சேரட்டும். பின்வாசலில் நிற்கும் ஜமைக்காத் தொழிலாளியையும் மெக்ஸிகோத் தொழிலாளியையும் தன் கூட்டாளி என்று நினைக்கட்டும்.

அந்தத் தொழிலாளிகள் கேட்பது என்ன? உழைக்கும் மண்ணில் குடியிருக்கும் உரிமை. முதலாளியை மாற்றிக் கொள்ளும் உரிமை. குடும்பத்தோடு வாழும் உரிமை. சங்கம் வைத்துக் கூலி பேசும் உரிமை. இது நமது கோரிக்கையும்தான். தஞ்சை வயலில் நின்றாலும் ஒன்டாரியோ வயலில் நின்றாலும் வெயில் ஒன்றே, வியர்வை ஒன்றே.

தோழர்களே! நம் பிள்ளைக்கு 535 மார்க் வரவில்லை என்றால் தலை குனிய வேண்டாம். நமது வேலைக்கு மார்க்கே இல்லை என்றாலும் தலை குனிய வேண்டாம். உடுத்தும் துணியும் உண்ணும் சோறும் ஒரு நாள் நின்று போனால் அந்தத் தராசைப் பிடித்திருப்பவர்களுக்கும் நமது எடை தெரியும். அதுவரை, நமக்கு விலை போடும் உரிமையை யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டோம்!