கடிகாரம் சொல்லும் நாடி

புனேயில் விடிகாலை வேதாள் டேக்டி பக்கம் போய்ப் பாருங்கள். குன்று ஏறுபவர்களில் பாதிப் பேர் பாதையைப் பார்ப்பதில்லை, மணிக்கட்டைத்தான் பார்க்கிறார்கள். "152 காட்டுது, உட்காரலாம்", "118 தானே, இன்னும் ஏறலாம்". நம்மைப் போலப் பொட்டி தட்டும் ஜனங்கள்தான் இதில் அதிகம். என்னைக் கேட்டால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கடிகாரத்தை நம்பலாம். ஓடும்போது அது சொல்வது உத்தேசக் கணக்கு.

ஏன்? கடிகாரத்தின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு இதயத்தை நேராகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைகிறது. ரத்தம் கூடினால் திரும்பி வரும் வெளிச்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நாடி சொல்கிறது. கை வீசி ஓடினால் கடிகாரமும் ஆடும், கணக்கும் ஆடும். நிமிஷத்துக்கு 160 எட்டு வைத்தால், சில சமயம் எட்டையே எண்ணி நாடி 160 என்று காட்டிவிடும்!

2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 60 பேரை நடக்க, ஓட, சைக்கிள் மிதிக்க வைத்து 7 கருவிகளைச் சோதித்தார்கள். நாடியில் 6 கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் தேறின. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதில் நல்லதே 27 சதவீதம் தவறு, மோசமானது 93! இந்த லட்சணத்தில், எரித்த கலோரிக்குப் புள்ளி கொடுத்துப் போட்டி நடத்தும் ஆபீஸ்களை என்ன சொல்ல?

"நம்ம கருப்புத் தோலுக்கு இதெல்லாம் சரிவராதுப்பா" என்பவர்களுக்கு ஒரு தகவல். 2020-இல் டியூக் பல்கலைக்கழகம் 53 பேரிடம் சோதித்தபோது, நாடிக் கணக்கில் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஓய்வைவிட உடல் அசைவின்போது பிழை சராசரியாக 30 சதவீதம் அதிகம். ஆக, வில்லன் நிறமல்ல, அசைவு.

அடுத்து, கடிகாரம் காட்டும் உச்ச நாடி. பலரும் அதற்கு வைத்திருக்கும் கணக்கு 220-இல் வயதைக் கழிப்பது. அதுவே ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடக் குறைய இருக்கும். உத்தேசத்தின் மேல் உத்தேசம்.

நாலைந்து கூடக் குறைந்தால் குடியா முழுகிவிடும் என்று கேட்பீர்கள். எனக்குப் பயம் அதில் இல்லை. "நெஞ்சை அடைக்குது, ஆனா வாட்ச் நார்மல்னுதான் காட்டுது" என்று ஒருவர் மேலே நடப்பதில்தான். நாடி சரியாக இருக்கும்போதே மாரடைப்பு வரலாம். ஆப்பிள் வாட்ச் மாரடைப்பைக் கண்டறியாது என்று அதைச் செய்யும் நிறுவனமே சொல்கிறது.

அதற்காகக் கடிகாரத்தைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, ஆடாமல் கட்டுங்கள். ஓய்வு நாடி மாதக்கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள், அதற்கு அது அருமையான கருவி. துல்லியம் வேண்டுமென்றால், இதயத்தின் மின்துடிப்பையே படிக்கும் நெஞ்சுப்பட்டை இருக்கிறது. வேகமாக நடக்கும்போது பேச முடிந்து பாட முடியவில்லை என்றால் அளவு சரி. இந்தச் சோதனைக்குச் சார்ஜ் தேவையில்லை.

நெஞ்சில் இறுக்கம், கை, தாடையில் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் மணிக்கட்டைப் பார்க்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.