மாரிக் குளிரும் முட்டைக் கோழியும்



வாடைக்காற்று தொடங்கினால் பல வீடுகளில் கேட்கிற முறைப்பாடு, "கோழி முட்டையிடுகிறதை விட்டிட்டுது" என்பதுதான். சுயதொழில் கடனில் பத்துப் பதினைந்து கோழி வாங்கி, முட்டை விற்றுத் தவணை கட்டும் பெண்ணுக்கு இது சின்ன விடயமல்ல. கோழி கிழடாகிவிட்டது என்று எண்ணி, வந்த விலைக்கு இறைச்சிக்குக் கொடுத்துவிடுவோரும் உண்டு. அவசரப்படாதீர்கள். பல வேளைகளில் பிழை கோழியில் அல்ல, கூட்டில்தான். (உதவித் திட்டங்களில் கோழியைக் கொடுப்பவர்கள் கூட்டுக்குக் கூரை உண்டா என்று கேட்பது குறைவு. அது வேறு கதை.)

கோழியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். இறகு காய்ந்திருந்தால் எங்களுடைய மார்கழிக் குளிரை வளர்ந்த கோழி தாங்கும். இறகு நனைந்து, மேலே காற்றும் அடித்தால்தான் வில்லங்கம். தின்ற தீனியின் ஒரு பங்கு உடம்பைச் சூடாக்கவே போய்விடும், முட்டைக்கு மிஞ்சாது. 2022 டிசம்பரில் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கு, கிழக்கில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் செத்ததை மறந்திருக்கமாட்டீர்கள்.

ஆகவே வாடை அடிக்கும் பக்கத்தைக் கிடுகாலோ தறப்பாளாலோ மறையுங்கள். ஆனால் கூட்டை முழுதாக மூடிக்கட்டுவது மழையை விடக் கேடு. எச்சத்திலிருந்து எழும் அமோனியா வாயு உள்ளேயே நின்று கோழியின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். காலையில் கூட்டுக்குள் தலையை நீட்டிப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் கோழிக்கும் எரியும். நிலத்தில் 3, 4 அங்குலத்துக்கு உமியோ மரத்தூளோ பரப்பி, அடிக்கடி கிளறி, ஈரமானதை அள்ளிவிடுங்கள்.

இன்னொரு காரணம் வெளிச்சம். மார்கழியில் எங்கள் பகல் பதினொன்றரை மணித்தியாலம்தான். நன்றாக முட்டையிட 14 முதல் 16 மணித்தியால வெளிச்சம் வேண்டும். அதிகாலை 4 மணி தொடக்கம் விடியும்வரை சிறிய எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்று எரிந்தால் போதும். ஒருநாள் போட்டு மறுநாள் விடக்கூடாது. ஊர்க்கோழி அடைகிடந்தாலோ இறகு உதிர்த்தாலோ வெளிச்சம் போட்டும் முட்டை வராது, பொறுக்கத்தான் வேண்டும்.

குஞ்சுகளின் கதை வேறு. முதல் வாரம் 32 முதல் 35 பாகை சூடு தேவை. எல்.ஈ.டி. சூடு தராது, பழைய குண்டு மின்குமிழே வேண்டும். குஞ்சுகள் அதன் கீழே குவிந்தால் குளிர்கிறது, விலகி ஓடினால் சூடு கூடிவிட்டது. எச்சத்தில் இரத்தம் கண்டால் கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல், அன்றே கால்நடை வைத்தியரிடம் சொல்லுங்கள்.