காந்தமும் வடக்குத் தலையும்

நமது நாட்டில் ஒரு மூடவழக்கத்திற்குப் புராணத்தின் பலம் போதாமற் போகும்போது, அதற்கு சயன்ஸைக் கொண்டுவந்து முட்டுக்கொடுப்பது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. "வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதே" என்பதற்கு முன்னெல்லாம் சொல்லப்பட்ட காரணம், வடக்கே தலை வைத்துப் படுத்திருந்த ஒரு யானையின் தலையை வெட்டிப் பிள்ளையாருக்கு ஒட்டினார்கள் என்பதாகும். இதைப் பள்ளிக்கூடத்துப் பையன்கூட நம்பமாட்டான் என்று தெரிந்தவுடன், பூமி ஒரு காந்தமென்றும், இரத்தத்தில் இரும்பு இருக்கிறதென்றும், ஆதலால் வடக்கே தலை வைத்தால் இரத்தம் மூளைக்கு இழுக்கப்படுமென்றும், இதை முன்னோர்கள் அப்போதே கண்டறிந்தார்களென்றும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பட்டம் பெற்றவர்களும் இதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். ஆகையால் இதைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போம்.

காந்தம் என்பது என்ன? இரும்பின் ஒவ்வொரு அணுவும் ஒரு சிறு காந்தம். சாதாரண இரும்பில் இவை கூட்டங்கூட்டமாகச் சேர்ந்து, ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு பக்கம் திரும்பி நிற்பதால், ஒன்றின் பலத்தை மற்றொன்று கெடுத்துவிடுகிறது. பெரும்பாலானவை ஒரே பக்கம் திரும்பி நின்றால் அதுவே காந்தம். 770 டிகிரி செண்டிகிரேடுக்குமேல் காய்ச்சினால் அந்த ஒழுங்கு குலைந்து காந்தத்தன்மை போய்விடுகிறது. இதில் தெய்வத்துக்கோ மந்திரத்துக்கோ யாதொரு வேலையும் இல்லை.

பூமி காந்தமென்பது மெய்தான். வில்லியம் கில்பர்ட் என்ற இங்கிலாந்து வைத்தியர் 1600-ல் வெளியிட்ட புத்தகத்தில் அதை விளக்கினார். பூண்டைத் தேய்த்தால் காந்தத்தின் பலம் போய்விடும் என்று பழைய ஏடுகளில் இருந்ததையும் அவர் பொய்யென்று தள்ளினார். பெரியவர்கள் எழுதிவைத்தார்களே என்று அவர் வாய்மூடியிருக்கவில்லை.

ஆனால் பூமியின் காந்தம் இரும்பை வடக்கே இழுக்கிறதா? தையல் ஊசியொன்றைக் காந்தத்தில் ஒரே பக்கமாகப் பலதடவை தேய்த்து, ஒரு சிறு இலைமேல் வைத்து, கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். ஊசி வடக்கு தெற்காகத் திரும்பும்; ஆனால் வடக்குக் கரைக்கு ஓடாது. ஒரு முனையை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவே மறுமுனையைத் தள்ளுகிறது. இதை லண்டனில் திசைகாட்டி செய்துவந்த ராபர்ட் நார்மன் 1581-லேயே எழுதிவிட்டார். தண்ணீரில் மிதக்கும் ஊசியையே இழுக்கமாட்டாத காந்தம், உங்கள் தலைக்கு இரத்தத்தை இழுக்குமா?

மேலும், இரத்தத்திலுள்ள இரும்பு ஆணியில் உள்ளதைப் போன்றதல்ல. உடம்பு முழுவதிலும் உள்ளது சுமார் 4 கிராம். அதில் பெரும்பகுதி இரத்தத்தின் சிவப்புப் பொருளோடு சேர்ந்திருக்கிறது. பிராணவாயு ஏறிய இரத்தத்தைக் காந்தம் இழுப்பதில்லை. மிகச் சொற்பமாகத் தள்ளவே செய்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்தில் நோயாளியைப் படுக்கவைக்கிறார்களே, அந்தக் காந்தம் பூமியின் காந்தத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு பலமுள்ளது. அதற்குள் தலையைக் கொடுத்தவர்களுக்கு இரத்தம் மூளையில் போய்க் குவிந்ததா? அந்த இயந்திரம் எத்திசை பார்த்திருக்கிறதென்று எந்த டாக்டராவது பஞ்சாங்கம் பார்த்தாரா?

இந்தப் புரட்டோடு நின்றாலும் பரவாயில்லை. இதே பேச்சை மூலதனமாக வைத்து, மூட்டுவலிக்குக் காந்த வளையல், காந்தப் படுக்கை என்று விற்றுப் பாமர மக்களின் பணத்தைப் பறிக்கிறார்கள். இங்கிலாந்தில் கீல்வாதக்காரர்களுக்குக் காந்த வளையலையும், பெயரளவில் காந்தமான போலி வளையலையும் மாற்றிமாற்றிக் கட்டிச் சோதித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டுக்கும் பலனில் வித்தியாசம் காணப்படவில்லை. வைத்தியரிடம் போகவேண்டிய கிழவி வளையலை நம்பி வீட்டிலிருந்தால் அந்த நஷ்டத்துக்கு யார் ஜவாப்தாரி?

காந்தத்தால் மனிதனுக்கு நன்மையில்லை என்று நாம் சொல்லவில்லை. 1831-ல் பாரடே என்பவர், கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் மின்சாரம் ஓடுவதைக் கண்டார். மேட்டூரில் தண்ணீர் விழுந்து மின்சாரம் உண்டாவதும், வயலில் பம்புசெட் சுழல்வதும் அந்தக் காந்தத் தத்துவத்தினால்தான். அரிசி ஆலையில் தானியத்தோடு வரும் இரும்புத் துண்டைப் பிடிப்பதும், ஒலிபெருக்கியைப் பேசவைப்பதும், மாடு விழுங்கிய ஆணி வயிற்றைக் கிழிக்காமல் பிடித்துவைப்பதும் காந்தமே. இவற்றில் எதையாவது சாஸ்திரம் படித்துக் கண்டுபிடித்தார்களா? சோதித்துப் பார்த்தவர்களே கண்டுபிடித்தார்கள்.

வடக்கே தலை வைத்துத்தான் தீரவேண்டுமென்று நாம் யாரையும் வற்புறுத்தவில்லை. காற்று எப்பக்கம் வருகிறதோ, கொசு எப்பக்கம் குறைவோ அப்பக்கம் தலை வைத்துத் தூங்குங்கள். ஆனால் முடிவை முதலில் வைத்துக்கொண்டு, காரணத்தைப் பிறகு தேடுவதற்குச் சயன்ஸ் என்று பெயர் சொல்லாதீர்கள். "ஏன்?" என்று கேட்கிற குழந்தையை முன்பு சாமியின் பேரால் அடக்கினோம்; இப்போது சயன்ஸின் பேரால் அடக்குவது அதைவிடக் கேடு. அந்தக் குழந்தையின் கையில் ஒரு ஊசியையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் கொடுங்கள். அது தானே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.