கட்டளையா, விருப்பமா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோர்மன் சபை இளைஞர் பலர், படிப்பை இடையில் நிறுத்தி மறைபரப்புப் பணிக்கு ஆயத்தமாகின்றனர். போகும் இடத்தைச் சபையே குறிக்கும். செலவைப் பெரும்பாலும் அவர்களோ குடும்பத்தாரோ ஏற்க வேண்டும். ஆண்களுக்கு இப்பணி 24 மாதம், அது கடமை. பெண்களுக்கு 18 மாதம். அது அவரவர் விருப்பம்.

2012 வரை 21 வயது நிரம்பிய பெண்களே செல்லலாம். அவ்வயது குறைக்கப்பட்டதும் ஏராளமான பெண்கள் தாமாகவே முன்வந்தனர்! வீட்டிலிருக்கும் இளைஞனையோ, 'நீ ஏன் போகவில்லை?' என்று ஊரார் கேட்பர். அவ்வச்சத்தால் புறப்படுவது தொண்டாகுமா? கொள்கையில் வேறுபடினும் நாம் சொல்வது இதுவே: பெண்ணுக்குள்ள உரிமை ஆணுக்கும் வேண்டும். மனமுவந்து செய்வதன்றோ இறைபணி!