வீட்டுக்கும் வில்லங்கம் பார்க்கணும் பாஸ்!

இந்த வாரம் ஒரு வீட்டு மேட்டர். 'இன்டர்னல் மார்க்குக்கே வழியைக் காணோம், இதுல வீடு வேறயா'ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. உங்க அப்பா பி.எஃப். பணத்தையும் அம்மா நகையையும் நம்பி வீடு பார்க்க ஆரம்பிச்சிருப்பார். ஒரு இன்ஜினீயர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாற்பது பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு ரிப்போர்ட் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அது நேராக உங்கள் கைக்குத்தான் வரும். "நீதான் படிச்ச புள்ளையாச்சே, வாங்கலாமா வேணாமான்னு பார்த்துச் சொல்லு." அந்த நிமிஷம் பேந்தப் பேந்த முழிக்கக் கூடாது இல்லையா?

பத்திர விஷயத்தில் நம்ம ஆட்கள் கில்லாடிகள். முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ், மூலப் பத்திரம், பட்டா, வக்கீல் ஒப்பீனியன் என்று ஒரு ஃபைலே போட்டுவிடுவார்கள். வீட்டைப் பார்ப்பது மட்டும் அரை மணி நேரம். வாசல் எந்தத் திசை, சமையல்கட்டு அக்னி மூலையில இருக்கா, குழாயில தண்ணி வருதா. முடிஞ்சுது! நிலத்தின் மேல் இருக்கிற கடனைத் தேடித் தேடிப் பார்க்கிறோம். கான்கிரீட்டுக்குள் இருக்கிற கடனை யாரும் பார்ப்பதில்லை. அந்த நாற்பது பக்க ரிப்போர்ட், வீட்டுக்குப் போட்ட வில்லங்கச் சான்றிதழ் மாதிரி.

காரைக்காலை ஒட்டி இருக்கிற தருமபுரத்தையே எடுத்துக்குவோம். (மயிலாடுதுறை பக்கம் ஆதீனம் இருக்கிற தருமபுரம் இல்லீங்க. இது யாழ்முரிநாதர் கோயில் தருமபுரம். சம்பந்தர் பாட்டு யாழில் அடங்கவில்லை என்று யாழ்ப்பாணர் யாழையே உடைக்கப் போன கதை கேட்டிருப்பீங்களே, அந்த ஊர்.) அங்கே 1990-களில் கட்டின ஒரு மாடி வீடு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் பிரான்ஸில். வீடு பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. பவர் வாங்கிய உறவுக்காரர் விற்கிறார். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்து, 1962-ல் சட்டப்படி எல்லாம் முடிந்த பிறகும், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் காரைக்காலில் உண்டு. அதனால் இந்தக் கதை அந்தப் பக்கத்துப் பசங்களுக்குப் புதுசு இல்லை.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. அதே சொந்தக்காரர் பாரிஸில் தன் வீட்டை விற்கப் போனால், அவரே காசு செலவழித்து ஒரு ஆய்வு ஃபைல் தயார் செய்து வாங்குபவருக்குக் கொடுத்தாக வேண்டும். 1949-க்கு முந்தின வீடு என்றால் பெயின்ட்டில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கணும். 1997 ஜூலைக்கு முன்னால் பெர்மிட் வாங்கினது என்றால் ஆஸ்பெஸ்டாஸ். பதினைந்து வருஷத்துக்கு மேல் பழசான வயரிங், கேஸ் லைன். கறையான் பகுதி என்று அரசு அறிவித்த இடமாக இருந்தால் கறையான் சர்ட்டிஃபிகேட் வேறு, அதுக்கு ஆறே மாசம்தான் ஆயுசு! இங்கே பழைய வீட்டை விற்பவருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. வீட்டை ஆய்வு செய்பவருக்கென்று தனி லைசென்ஸும் நம் நாட்டில் கிடையாது. பேங்க்காரங்க ஒரு வேல்யூவரை அனுப்புவாங்களே என்பீர்கள். அவர் பார்ப்பது பேங்க் கொடுக்கிற கடனுக்கு அந்த வீடு தாங்குமா என்று. உங்க அம்மா தலைமேல் கூரை தாங்குமா என்பது வேறு கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது? 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம், 55-வது பிரிவு. தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். அந்த 'சாதாரண கவனம்' என்கிற வார்த்தையைக் கவனிச்சீங்களா? கண்ணுக்குத் தெரிகிற குறையைப் பார்க்காமல் விட்டால் பொறுப்பு நம் தலையில். 2016-ல் வந்த ரெரா சட்டத்தில், வீட்டைக் கையில் வாங்கி ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்து சொன்னால், பில்டர் முப்பது நாளில் இலவசமாகச் சரிசெய்து தரணும் என்று இருக்கிறது. ஆனால் முப்பது வருஷப் பழைய வீட்டுக்கு எந்த பில்டரைப் போய்த் தேடுவது?

சரி, ரிப்போர்ட்டைப் பிரிப்போம். எல்லாரும் முதலில் போட்டோவைப் பார்ப்பார்கள். நீங்க அதைச் செய்யாதீங்க. 'லிமிட்டேஷன்ஸ்' என்று ஒரு பகுதி பொடி எழுத்தில் இருக்கும். இன்ஜினீயர் எதையெல்லாம் பார்க்கவில்லை என்கிற பட்டியல் அது. நம்ம தருமபுரம் வீட்டில் இப்படி இருக்கலாம்: கரன்ட் கட் பண்ணியிருந்ததால் வயரிங் சோதிக்கப்படவில்லை. மோட்டார் ஓடவில்லை. மாடி ரூம் ஒன்று பூட்டியிருந்தது. பரணில் சாமான் இருந்தது. செப்டிக் டேங்க் திறக்கப்படவில்லை. ஏப்ரலில் பார்த்ததால் மழை ஒழுகல் தெரியவில்லை. இப்போ சொல்லுங்க, பார்த்தது எவ்வளவு, பார்க்காதது எவ்வளவு? 'குறை எதுவும் காணப்படவில்லை' என்ற வரி, பூட்டிய ரூமுக்குப் பொருந்தாது. இந்தப் பட்டியலைத் தனியாக ஒரு பேப்பரில் எழுதி, 'சாவி கொடுங்க, கரன்ட் கொடுங்க, மொட்டை மாடியில ஒரு நாள் முழுக்கத் தண்ணி கட்டிப் பார்க்கணும்' என்று கேட்க வேண்டியது உங்க வேலை.

அடுத்தது வார்த்தைகள். 'சர்வீஸபிள்' என்றால் அன்றைக்கு வேலை செய்தது, அவ்வளவுதான். 'மானிட்டர்' என்றால் இப்போதைக்குப் பயமில்லை, கண் வைத்துக்கொள். 'ஃபர்தர் இவால்யுவேஷன் ரெகமென்டட்' என்று வந்தால்தான் உஷாராகணும். டாக்டர் 'எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க' என்று சொல்கிற மாதிரி. பலர் இந்த வரியை ஃபார்மாலிட்டி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கடற்கரை ஊரில் அந்த வரி பெரும்பாலும் எங்கே வரும் தெரியுமா? கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி பற்றி. கொஞ்சம் கெமிஸ்ட்ரி பேசலாம், தூங்கிடாதீங்க.

புது கான்கிரீட்டின் பி.ஹெச். 12-லிருந்து 13 வரை இருக்கும். அந்தக் காரத்தன்மையில் கம்பியின் மேல் மெல்லிசாக ஒரு பாதுகாப்புப் படலம் உண்டாகிறது. அது இருக்கிற வரை துரு கிட்ட வராது. இதைக் கெடுக்க இரண்டு பேர் உண்டு. ஒன்று, காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு. அது மெதுவாக உள்ளே இறங்கிக் காரத்தைக் குறைத்துவிடும். இன்னொன்று, உப்பு. அதாவது குளோரைடு. இது மோசமான ஆள். காரம் அப்படியே இருந்தாலும் படலத்தைத் துளைத்துவிடும். துரு பிடித்தால் இரும்பு முன்பைவிட ரெண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? மூடியிருக்கிற கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். சன்ஷேடு அடியிலும் பீமின் அடியிலும் கம்பி போகிற திசையிலேயே நேர்க்கோடாக விரிசல், பழுப்புக் கறை, தட்டினால் 'டொப டொப' சத்தம். ரிப்போர்ட்டில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் வந்தால், அது பெயின்ட் அடித்து மறைக்கிற சமாசாரம் இல்லை.

உப்பு கடல் காற்றில் மட்டும்தான் வரும் என்று நினைக்காதீங்க. கட்டும்போது ஊற்றின தண்ணியிலேயே வந்திருக்கலாம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கிற தண்ணியில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது ஐ.எஸ். 456. டெல்டா கடலோரத்தில் பல போர்களில் தண்ணி உப்புக் கரிக்கும். மேஸ்திரி அன்றைக்கு எந்தத் தண்ணியை ஊற்றினார் என்று யாருக்குத் தெரியும்? குருகிராமில் கடலே இல்லை. அங்கே சிண்டெல்ஸ் பாரடைஸோ அடுக்குமாடியில் 2022 பிப்ரவரி 10-ம் தேதி ஆறாவது மாடித் தளம் இடிந்து, கீழே இருந்த தளங்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். டெல்லி ஐ.ஐ.டி. சோதித்ததில் கான்கிரீட்டில் குளோரைடு அதிகம், கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று தெரிந்தது. முப்பது வருஷ வீடு இல்லை அது, புது வீடு!

உப்புக் காற்றடிக்கிற கடலோரக் கட்டடத்தில் கம்பிக்கு மேலே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கவர் வேணும் என்கிறது 2000-ம் வருஷத்து ஐ.எஸ். 456. அதுக்கு முந்தின 1978-ம் வருஷக் கோடில் சாதாரணத் தளத்துக்கு 15 மில்லிமீட்டர் போதும். உப்புக்காற்று மாதிரி இடங்களில் கூடுதலாக வைக்கணும் என்று அதிலும் இருந்தது, வைத்தார்களா என்பதுதான் கேள்வி. நம்ம 1990-கள் வீடு அந்தக் காலத்துப் பிள்ளை. ரிப்போர்ட்டில் 'கவர் மீட்டர்' ரீடிங் இருந்தால் இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. 'ரீபவுண்ட் ஹேமர்' என்று ஒரு சுத்தியல் சோதனை. எண் அதிகமாக வந்தால் கான்கிரீட் ஸ்ட்ராங் என்று சந்தோஷப்படுவோம். ஆனால் அது மேல்தோலின் கடினத்தை மட்டும்தான் அளக்கும். கார்பன் டை ஆக்ஸைடு இறங்கின பழைய கான்கிரீட்டுக்கு மேல்தோல் இறுகிப் போயிருக்கும். அதனால் நோயாளிக்கு நல்ல மார்க் விழும்! அந்தச் சோதனையில் சொல்கிற வலிமை 25 சதவீதம் முன்னே பின்னே இருக்கும் என்று அதன் ஐ.எஸ். கோடே சொல்லியிருந்தது. சரியான ஆளாக இருந்தால், கூடவே ஃபினாஃப்தலீன் தெளித்திருப்பார். பிளஸ் டூ லேப்ல டைட்ரேஷன் பண்ணினீங்களே, அதேதான். உடைத்த இடம் பிங்க் ஆனால் காரம் இருக்கு, நிறம் மாறாவிட்டால் போச்சு. 'ஹாஃப் செல்' ரீடிங் இருந்தால், மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டி இன்னும் மைனஸில் போயிருக்கிறதா பாருங்கள். போயிருந்தால் அந்த இடத்தில் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்கிறது அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். விதி.

பூச்சு உதிர்வதைப் பார்த்து மட்டும் பதறாதீங்க. 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்பில் கை வைத்தாலே சிமென்ட் பூச்சு கொட்டியது ஞாபகம் இருக்கும், சென்னை ஐ.ஐ.டி. போய்ச் சோதித்தது. பூச்சு கெட்டால் கோபப்படலாம், காசு கேட்கலாம், கொத்திவிட்டுப் புதுசாகப் பூசலாம். கம்பி கெட்டால் கதை வேற.

சுவர் விரிசலும் அப்படித்தான். டெல்டா களிமண் கோடையில் எப்படி வெடிக்கும் என்று வயலைப் பார்த்த யாருக்கும் தெரியும். மழையில் அதே மண் உப்பும். அஸ்திவாரம் ஆழம் கம்மி என்றால் வீடும் கூடவே ஏறி இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். அகலம்தான் முக்கியம். பிரிட்டனில் பி.ஆர்.இ. என்கிற ஆராய்ச்சி நிலையம் வகுத்த கணக்கில், 1 மில்லிமீட்டர் வரை பெயின்ட் வேலை, 5 வரை அடைத்தால் போதும், 15-ஐத் தாண்டினால் சுவரின் சில பகுதியையே பிரித்துக் கட்டணும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலில் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் அது நின்றுவிட்டதா, நடந்துகொண்டிருக்கிறதா என்று தெரியும்.

வயரிங், எர்த், குழாய், கறையான் எல்லாம் ரிப்போர்ட்டில் பக்கம் பக்கமாக வரும். செலவாகும், ஆனா மாற்றிடலாம். அதுக்கெல்லாம் ஒரு கொட்டேஷன் வாங்கி விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்க.

நம்ம ஊர்ல செய்கிற ஒரே பெரிய தப்பு, அட்வான்ஸ் கொடுத்த பிறகு இன்ஜினீயரைக் கூப்பிடுவது. அட்வான்ஸ் போன பின்னாடி ரிப்போர்ட்டில் என்ன வந்தாலும் பேரம் பேச நம் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் ரிப்போர்ட் முதலில், அக்ரிமென்ட் பிறகு. முடியாது, வீடு கைவிட்டுப் போயிடும் என்று அப்பா அவசரப்பட்டால், 'ஆய்வில் கட்டுமானக் குறை தெரிந்தால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்' என்று ஒரு வரியை அக்ரிமென்ட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். பவர் ஏஜென்ட் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

அப்புறம், ரிப்போர்ட்டைக் கடைசி வரை படித்த அன்றைக்கே அந்த இன்ஜினீயருக்கு ஒரு போன் போடுங்க. "சார், இது உங்க அப்பா வாங்குற வீடா இருந்தா, எந்த இடத்தை உடைச்சுப் பார்க்கச் சொல்லுவீங்க?" எழுத்தில் தயங்கின மனுஷன் பேச்சில் டக்குனு ஒரு பீமின் பேரைச் சொல்லுவார். அந்தப் பீமுக்கு அடியில்தான் உங்க படிக்கிற டேபிள் வரப்போகுதான்னு பார்த்துக்குங்க!